பாதியில் நின்ற சங்கிலி: வேதியியல் தொடர் புராஜெக்ட் எங்கே மாட்டுகிறது, எப்படிச் சரிசெய்வது

அசிட்டோனில் தெர்மகோல் தூண் கரையும். மேலே இருக்கும் நட்டு விழுந்து ஒரு கோலிக்குண்டை விடுவிக்கும். குண்டு உருண்டு போய்ச் சமையல் சோடா இருக்கும் கரண்டியைத் தட்டிவிட, சோடா வினிகருக்குள் விழும். வாயு சிரிஞ்சைத் தள்ளும், சிரிஞ்ச் ஈஸ்ட் தண்ணீரை ஹைட்ரஜன் பெராக்சைடில் கவிழ்க்கும். நுரை பொங்கி ஒரு டேபிள் டென்னிஸ் பந்தைத் தள்ளிவிடும். பந்து உப்பைத் தண்ணீரில் கொட்டும், மின்சுற்று முழுமையாகி மோட்டார் ஓடும். மோட்டார் ஒரு கோப்பையைச் சாய்க்க, நிறமில்லாத கரைசல் சில நொடி கழித்துச் சட்டென்று கருநீலமாகும். அந்த இருட்டை ஒரு ஒளி உணரி பிடித்துக் கொடியை ஏற்றும்.

பள்ளிக் கண்காட்சிக்காக வருடாவருடம் என் மாணவர்கள் கட்டுவது இதுதான், சின்னச் சின்ன மாற்றங்களோடு. இரண்டு நிமிடம் ஓடும். அந்த இரண்டு நிமிடத்துக்காக ஒரு மாதம் ஆய்வகமே வினிகர் நாற்றம் அடிக்கும். எங்கெங்கே மாட்டும் என்பது இப்போது எனக்கு மனப்பாடம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. "எங்க கட்டம் பத்துக்கு ஒன்பது தடவை ஓடுது சார்" என்று ஒவ்வொரு குழுவும் பெருமையாகச் சொல்லும். ஆறு கட்டமும் அப்படியே இருந்தால், முழுச் சங்கிலியும் நூற்றில் 53 முறைதான் ஓடும். ஏறக்குறைய நாணயம் சுண்டுவது போல. ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது என்ற அளவுக்கு ஒவ்வொரு கட்டமும் வந்தால்தான் 89 முறை ஓடும். அதனால் முழுச் சங்கிலியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துப் பழுது தேடாதீர்கள். நின்ற கட்டத்தை மட்டும் தனியாகப் பத்து முறை ஓட்டுங்கள்.

இன்னொன்று. வேதிவினை பொய்ப்பது அபூர்வம். ஒரு கட்டம் அடுத்த கட்டத்துக்குக் கைமாற்றும் இடம்தான் பொய்க்கும். அதனால் சங்கிலி நின்றதும் முதல் கேள்வி இதுதான்: வினை நடந்ததா? நடந்தும் அடுத்ததைத் தொடவில்லையா? இதற்கு விடை தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

## தெர்மகோல் கரைகிறது, ஆனால் நட்டு விழவில்லை

தெர்மகோல் கரைந்து காணாமல் போவதில்லை. காற்று வெளியேறி, பசை போலக் குழைந்து உட்காரும். அந்தப் பசையில் நட்டு ஒட்டிக்கொண்டு மெதுவாகச் சாய்ந்து நிற்கும். நட்டைத் தூணின் மேல் நேராக வைக்காமல், தூண் தாங்கும் ஒரு ஐஸ் குச்சியின் மேல் வையுங்கள். குச்சி சாய்ந்தால் போதும், நட்டு நழுவிவிடும்.

கரையவே இல்லை என்றால் ஊற்றிய அசிட்டோன் குறைவாக இருக்கும், அல்லது மின்விசிறிக் காற்றில் ஆவியாகிவிட்டிருக்கும். விசிறியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்கி வந்திருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று லேபிளைப் பாருங்கள்.

ஒரு வருடம் தூண் அப்படியே நின்றது, அசிட்டோன் வைத்திருந்த பிளாஸ்டிக் கோப்பை கரைந்து மேசையெல்லாம் ஒழுகியது. அந்த மாதிரிக் கோப்பைகளில் பல, தெர்மகோலின் அதே பொருளால் ஆனவை. கண்ணாடி அல்லது எவர்சில்வர் டம்ளர் மட்டும்.

அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும். மெழுகுவத்தி, மோட்டார், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) எதுவும் பக்கத்தில் வேண்டாம். ரிலேயின் முனைகளில் பொறி வரும். அதனால்தான் இந்தக் கட்டத்தை மேசையின் ஒரு கோடியிலும் மின்சாரக் கட்டங்களை மறு கோடியிலும் வைக்கிறோம்.

## சோடா விழுந்தது, நுரைத்தது, சிரிஞ்ச் நகரவில்லை

மிக அதிகமாக வரும் புகார் இது. மலிவான காரணத்திலிருந்து போவோம்.

வாயு கசிகிறது. இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. நாங்கள் மருந்துக் கடையில் வாங்கும் சலைன் டியூபைத்தான் பயன்படுத்துகிறோம். அதை மூடியில் துளைபோட்டுச் செருகி, சுற்றிலும் எம்-சீல் வைத்தால் ஒரு மணி நேரத்தில் இறுகிவிடும். ஃபெவிக்விக் போட்டவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள், டியூப் அசைந்ததும் அது விரிசல் விடும். சலைன் டியூபில் சொட்டு வேகம் கட்டுப்படுத்தும் சின்னச் சக்கரம் மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், மூன்று குழுக்களுக்கு இது நடந்திருக்கிறது.

சிரிஞ்ச் இறுக்கமாக இருக்கிறது. புது சிரிஞ்சின் ரப்பர் முதல் தள்ளலுக்கு அசைந்து கொடுக்காது. வாயு சேர்ந்து சேர்ந்து ஒரே தாவலாகத் தாவும், அந்தத் தாவலில் அடுத்த கட்டமே தூக்கி எறியப்படும். கையால் இருபது முறை முன்னும் பின்னும் இழுத்துவிடுங்கள். பிறகு ஒரு சொட்டு கிளிசரின். தேங்காய் எண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊறிப் பருத்து இன்னும் இறுகும்.

சோடா முழுதாக விழவில்லை. மழைக்காலத்தில் சோடா கட்டிகட்டியாகிக் கரண்டியிலேயே ஒட்டும். பாட்டிலின் கழுத்து ஈரமாக இருந்தால் அங்கேயே ஒட்டிப் பாதி வினை கழுத்திலேயே முடிந்துவிடும். கழுத்தைத் துடைத்து, வாய் அகன்ற காய்ந்த புனலை வையுங்கள். விழுவதற்கும் வாயு வெளியேறாமல் வாய் மூடுவதற்கும் இடையே நேரம் போதவில்லை என்றால், சோடாவை மெல்லிய டிஷ்யூ தாளில் சுற்றிப் போடுங்கள். தாள் நனைந்து கிழியும் வரை ஓரிரண்டு நொடி கிடைக்கும்.

பொருள் தவறு. பேக்கிங் பவுடரும் சமையல் சோடாவும் ஒன்றல்ல. பவுடரில் மாவும் அமிலமும் கலந்திருக்கும். சந்தேகம் இருந்தால் வெறும் தண்ணீரில் ஒரு சிட்டிகை போடுங்கள். அதிலேயே பொங்கினால் அது பேக்கிங் பவுடர்.

அளவு போதவில்லை. கடையில் கிடைக்கும் வினிகர் பெரும்பாலும் 4 சதவீதம். 100 மில்லிக்கு ஐந்தரை கிராம் சோடா, அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் மேல், சரியாகப் போதும். அதிலிருந்து சுமார் ஒன்றரை லிட்டர் வாயு வரும், கொஞ்சம் தண்ணீரிலேயே கரைந்துபோகும். 60 மில்லி சிரிஞ்சைத் தள்ள இது எக்கச்சக்கம். ஆகவே சோடாவை இரண்டு மூன்று மடங்காக்குவது தீர்வே அல்ல. அளவைக் கூட்டச் சொல்லும் பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது "சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தியா?" என்றுதான்.

நிறுத்த வேண்டிய இடம்: டியூப் அடைத்துக்கொண்டு பாட்டில் உப்பினால் யாரும் குனிந்து பார்க்கக் கூடாது, மூடியைத் திருகக் கூடாது. எல்லாரும் விலகி நின்று ஆசிரியரைக் கூப்பிடுங்கள். இதற்காகவே திருகு மூடிக்குப் பதில் அழுத்திச் செருகும் ரப்பர் அடைப்பானைப் பயன்படுத்துங்கள். அழுத்தம் கூடினால் அதுவே கழன்று வந்துவிடும். திருகு மூடியில்தான் துளைபோட்டீர்கள் என்றால், ஒரே ஒரு திருகு மட்டும் தளர்த்தி வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

## நுரை பொங்கவே இல்லை

பெராக்சைடைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். திறந்து மாதக்கணக்கில் ஆன பாட்டில், வெயில் படும் ஜன்னலோரத்தில் இருந்த பாட்டில் இரண்டுமே வெறும் தண்ணீராகிக்கொண்டிருக்கும். வெட்டிய உருளைக்கிழங்குத் துண்டின் மேல் ஒரு சொட்டு விடுங்கள். சுறுசுறுவென்று நுரைத்தால் நல்லது. ஆய்வகத்தில் எந்தக் கருவியும் இல்லாமல் பத்து நொடியில் முடியும் சோதனை இது.

பெராக்சைடு நல்லது என்றால் ஈஸ்ட். வெந்நீரில் கலந்தீர்களா? 60 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துவிடும், அதோடு வேலையும் போய்விடும். கை பொறுக்கும் வெதுவெதுப்பு போதும். நம் ஊர் ஏப்ரல் குழாய்த் தண்ணீரே அந்தச் சூட்டில்தான் வரும். கொஞ்சம் சர்க்கரை போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்டைத் தூவிப் பத்து நிமிடம் விட்டால் மேலே நுரை கட்ட வேண்டும். கட்டவில்லையா, புதுப் பாக்கெட் வாங்குங்கள்.

## நுரை வருகிறது, பந்து விழவில்லை

உருளை அகலமாக இருக்கிறது. 100 மில்லி பீக்கரில் செய்தால் நுரை பக்கவாட்டில் விரியுமே தவிர மேலே ஏறாது. 250 மில்லி அளவு உருளை, அல்லது கழுத்து குறுகிய பாட்டில் எடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டிக்கு மேல் போனால் நுரை கனமாகிச் சோம்பலாக ஊர்ந்து வரும்.

மருந்துக் கடைகளில் '20 வால்யூம்' என்று எழுதிய பாட்டில் சுமார் 6 சதவீதம். அதன் பொருள், ஒரு பங்கு கரைசலிலிருந்து 20 பங்கு ஆக்சிஜன். 50 மில்லி ஊற்றினால் ஒரு லிட்டர் வாயு. பந்தைத் தள்ள இதுவே தாராளம். "வீடியோவில் கூரை வரை போகிறதே சார்" என்பார்கள். அந்த வீடியோக்களில் இருப்பது 30 சதவீதம். அது தோலைச் சுட்டு வெள்ளையாக்கும், வினையின் சூட்டில் நீராவி கக்கும். அழகு நிலையங்களில் வரும் '40 வால்யூம்' திரவமும் 12 சதவீதம், அதுவும் வேண்டாம். நுரை போதவில்லை என்றால் குழாயைக் குறுக்குங்கள், பெராக்சைடின் வலிமையைக் கூட்டாதீர்கள்.

## உப்பு விழும் முன்பே எல்.இ.டி. எரிகிறது

சுற்று முழுமையானதைக் காட்டும் சின்ன விளக்குதான் இந்த எல்.இ.டி. அது முன்கூட்டியே எரிந்தால் தண்ணீர்தான் காரணம். போர் தண்ணீரில் ஏற்கெனவே அவ்வளவு உப்பு இருக்கிறது. சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே தெரியும், எல்.இ.டி. வேறு எதற்கு? கேன் தண்ணீரிலும் கொஞ்சம் இருக்கும், மங்கலாக எரியலாம். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் பேட்டரி தண்ணீர் வாங்குங்கள். அது காய்ச்சி வடித்த அல்லது உப்பு நீக்கிய தண்ணீர்தான், ஒரு லிட்டர் வாங்கினால் ஒரு வாரம் ஒத்திகைக்கு வரும்.

தண்ணீர் நல்லதாக இருந்தும் எரிந்தால், முந்தைய ஓட்டத்தின் உப்பு டம்ளரில் காய்ந்து ஒட்டியிருக்கிறது. டம்ளரையும் மின்முனைகளையும் பேட்டரி தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் திரும்பவும் அதே கதை.

## எல்.இ.டி. எரிகிறது, மோட்டார் ஓடவில்லை

இதில் வேதியியல் குறை எதுவும் இல்லை. உப்புக் கரைசல் வழியாகப் போகும் மின்னோட்டம் எல்.இ.டி.க்குப் போதும், மோட்டாருக்குப் போதாது. எவ்வளவு உப்பு கொட்டினாலும் பெரிதாக மாறாது. கரைசலை நேராக மோட்டாரோடு தொடராக இணைக்காமல், ஒரு டிரான்சிஸ்டரை (சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறக்கும் பாகம்) திறந்துவிட மட்டும் பயன்படுத்துங்கள். எல்லாக் கடையிலும் கிடைக்கும் பிசி547 இதற்கு ஆகாது, அது தாங்குவதே 100 மில்லி ஆம்பியர். மோட்டார் கிளம்பும்போது அதைவிட அதிகம் இழுக்கும். டிஐபி122 போடுங்கள், மோட்டாரின் குறுக்கே ஒரு டயோடைத் திருப்பிப் போடுங்கள்.

அதற்கும் ஓடவில்லை என்றால் பேட்டரியைப் பாருங்கள். சதுர வடிவ 9 வோல்ட் பேட்டரி மோட்டாருக்கு ஏற்றதே அல்ல. மல்டிமீட்டரில் 9 வோல்ட் காட்டும், மோட்டாரை இணைத்ததும் படுத்துவிடும். மோட்டார் ஓடும்போதே அளந்து பாருங்கள். நான்கு ஏஏ செல்களைத் தொடராகப் போட்ட பெட்டி எவ்வளவோ மேல்.

மின்முனைகள் செம்புக் கம்பியாக இருந்தால் இரண்டு மூன்று ஓட்டத்தில் ஒன்று பச்சையாகி அரித்துப்போகும். பென்சிலின் கரிக்குச்சி தாங்கும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் நீண்ட நேரம் போனால் குளோரின் வாடை வரும். ஒத்திகை முடிந்ததும் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

230 வோல்ட் பிளக் எதையும் இந்த மேசைக்குக் கொண்டுவராதீர்கள். வெட்டிய சார்ஜர், பழைய அடாப்டர் என்று யாராவது எடுத்து வந்தால் அங்கேயே நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். கீழே தண்ணீர் இருக்கும் மேசை இது.

## கரைசல் கருநீலமாக மாறவே இல்லை

1886-இல் ஹான்ஸ் லாண்டோல்ட் விவரித்த அயோடின் கடிகார வினையின் வீட்டு வடிவம் இது. நாங்கள் செய்வது: ஒரு கோப்பையில் வைட்டமின் சி மாத்திரைக் கரைசலும் அயோடினும். இன்னொன்றில் பெராக்சைடும் கஞ்சித் தண்ணீரும். கலந்ததும் ஒன்றும் நடக்காது. வைட்டமின் சி தீரும் வரை காத்திருந்து, தீர்ந்த நொடியில் கறுக்கும்.

மாறவே இல்லை என்றால் வைட்டமின் சி அதிகம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைக் கரைத்து முழுதும் ஊற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள், அது அரை மணி நேரம் கழித்துக்கூட மாறாது. பாதி, கால் என்று குறைத்துக்கொண்டே போங்கள். அடுத்து, பெராக்சைடு பழசாக இருக்கலாம், மறுபடி உருளைக்கிழங்கு. மூன்றாவது காரணம் யாருக்கும் தோன்றாது: கஞ்சி சூடாக இருக்கிறது. மாவும் அயோடினும் சேர்ந்து தரும் நீலம் சூட்டில் மறைந்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சியை நன்றாக ஆறவிட்டு, தெளிந்த மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். நேற்றைய புளித்த கஞ்சி வேண்டாம்.

அயோடினுக்குப் பொவிடோன் அயோடின் கரைசல் வாங்கினால் 'ஸ்க்ரப்' என்று எழுதியதைத் தவிருங்கள், அதில் சோப்பு கலந்திருக்கும். களிம்பும் ஆகாது.

கலந்த உடனேயே கறுத்துவிட்டால் கதை தலைகீழ்: வைட்டமின் சி குறைவு, அல்லது நேற்றே கரைத்து வைத்ததில் காற்று பட்டு வீணாகியிருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிதாகக் கரையுங்கள். அயோடினை ஊற்றியதும் பழுப்பு நிறம் முற்றிலும் மறைய வேண்டும். மறையாமல் லேசாகத் தேநீர் நிறத்தில் நின்றாலே அந்தக் கோப்பை தோற்ற கோப்பை.

## காலையில் 40 நொடி, மத்தியானம் 20 நொடி

கரைசல் 10 டிகிரி சூடேறினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். தகரக் கூரை போட்ட அரங்கில் காலை எட்டு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் அவ்வளவு வித்தியாசம் வந்துவிடும். கரைசல்களை வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஓட்டுவதற்குச் சற்று முன் எடுங்கள். ஒரு வெப்பமானியையும் வாளியில் போட்டு வைத்து, எந்தச் சூட்டில் எத்தனை நொடி என்று ஒரு அட்டையில் எழுதி ஒட்டுங்கள். நடுவர்கள் பெரும்பாலும் அந்த அட்டையைப் பார்த்துத்தான் கேள்வி கேட்கிறார்கள்.

## கறுத்துவிட்டது, கொடி ஏறவில்லை

கரைசலின் ஒரு பக்கம் எல்.இ.டி., மறு பக்கம் எல்.டி.ஆர். எனும் ஒளி உணரி. கறுத்தால் ஒளி மறைந்து ரிலே இழுக்க வேண்டும். அரங்கத்தின் டியூப்லைட் வெளிச்சமே எல்.டி.ஆர்.மீது விழுந்துகொண்டிருந்தால் அது இருட்டை உணரவே உணராது. கறுப்புத் தாளைச் சுருட்டி, எல்.டி.ஆர்.ஐ அதற்குள் இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி வையுங்கள். வகுப்பில் ஓடி அரங்கில் ஓடாததற்குப் பத்தில் எட்டு முறை இதுதான் காரணம்.

நிறம் போட்ட, மெல்லும் வகை மாத்திரைகள் கரைசலைக் கலங்கலாகவும் ஆரஞ்சாகவும் ஆக்கும். தொடக்கத்திலேயே பாதி இருட்டு. வடிகட்டுங்கள், அல்லது வெள்ளை மாத்திரை தேடுங்கள். அதன்பிறகுதான் ரிலே போர்டின் திருகைத் தொடுங்கள். தண்ணீர் வைத்து ஒரு முறை, கறுத்த கரைசல் வைத்து ஒரு முறை, இரண்டுக்கும் நடுவில் திருகை நிறுத்துங்கள்.

## முறை வராமலே ஒரு கட்டம் கிளம்பிவிடுகிறது

மேசை ஆடுகிறது, விசிறி அடிக்கிறது, பார்க்க வந்த ஏழாம் வகுப்பு தொட்டுவிட்டது. இதே வரிசையில் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பாதுகாப்பு ஊசி, அதில் சிவப்பு ரிப்பன். ஓட்டுவதற்கு முன் ஊசிகளை எண்ணி எடுங்கள், ஆறு ரிப்பனும் கையில் இருக்கிறதா என்று ஒருவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். எடுக்க மறந்த ஊசியால் நின்ற சங்கிலிகளும் உண்டு.

## நீங்களே சரிசெய்யக் கூடாதவை

தீப்பிடிக்கும் கட்டம் ஏதாவது சேர்த்திருந்தால், உதாரணமாக பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கிளிசரினும், அது பற்றவில்லை என்பதற்காகக் கிட்டே போகாதீர்கள். அது தாமதமாகப் பற்றும், கிளிசரின் குளிர்ந்திருந்தால் இன்னும் தாமதம். நான் இந்தக் கட்டத்தை என் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். வேண்டும் என்று அடம்பிடித்தால் ஆசிரியர் கையால், திறந்த வெளியில், தனியாக.

அமிலமோ பெராக்சைடோ கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருங்கள், ஒருவர் ஆசிரியரிடம் ஓடட்டும். பிறகு மருத்துவர், தேவைப்பட்டால் 108. கண்ணாடி போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகாது என்று சொல்பவருக்கும் இதுவே. பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி அல்ல.

மிச்சக் கரைசல்களை ஒரே வாளியில் கொட்டாதீர்கள். பெராக்சைடு, அசிட்டோன், அமிலம் மூன்றும் ஒரே இடத்தில் சேரவே கூடாது. தனித்தனி பாட்டில், லேபிள், ஆய்வக உதவியாளரிடம் ஒப்படைப்பு. பெராக்சைடு மிச்சம் வைக்கும் பாட்டிலின் மூடி மட்டும் தளர்வாக இருக்கட்டும், அது இரவெல்லாம் வாயு விட்டுக்கொண்டே இருக்கும்.

## ஒத்திகையில் ஓடியது, நடுவர் முன் நின்றுவிட்டது

யார் கை வைப்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள். ஒருவர் மட்டும். மற்றவர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நின்ற இடத்தில் ஒரு தட்டு, அவ்வளவுதான், அங்கிருந்து ஓடவிடுங்கள். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் உப்புத் தண்ணீர் ரிலே போர்டில் கவிழும். அதைக் காய வைக்க ஹேர் டிரையர் தேடி நான் அலைந்திருக்கிறேன்.

நின்றது எந்தக் கட்டம், வினை நடந்ததா, கைமாறும் இடமா என்று நடுவரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். உதிரியாக இரண்டு மாற்று சிரிஞ்ச், புது ஏஏ செல், ஒரு உருளைக்கிழங்கு பையில் இருக்கட்டும்.